தலைமேல் போன பரிசல்

மேகங்களெல்லாம் வேறு ஏதோ நாட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பி வர மறந்துபோன ஒரு காலத்தில், குமாரகேசரி என்று ஒரு மன்னன் இருந்தான். அவன் நல்ல மன்னனா, கெட்ட மன்னனா என்று கேட்காதீர்கள். மன்னன், அவ்வளவுதான். இந்தக் கதை அவனைப் பற்றியதும் அல்ல. அவன் நாட்டில் நெட்டாறு என்றொரு ஆறு இருந்தது. அந்த ஆற்றில் பரிசல் ஓட்டிய பாவாத்தாளைப் பற்றிய கதை இது.

பரிசலைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஒரு பெரிய வட்டக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலைப் பிளந்து பின்னி, வெளிப்பக்கம் மாட்டுத்தோலைப் போர்த்தி, தண்ணீர் புகாதிருக்கக் குங்கிலியப் பிசினையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசியிருப்பார்கள். பாவாத்தாளின் பரிசலில் ஆறு பேர் உட்காரலாம். துடுப்பு ஒன்றுதான்.

ஆறு சும்மா இருக்காது. பரிசல் அக்கரைக்குப் போய்ச் சேருவதற்குள் அதைக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு பாவாத்தாள் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு, கரையோரமாகவே நடந்து துறைக்கு வருவாள். தண்ணீரில் பரிசல் ஆளைச் சுமக்கும், தரையில் ஆள் பரிசலைச் சுமக்க வேண்டும். இருபது வருஷமாக அவள் கழுத்து இதற்குப் பழகியிருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பாவாத்தாளின் புருஷன் செங்கோடன். ஆற்றங்கரையில் பிறந்தவன், ஆற்றங்கரையில் வளர்ந்தவன், பரிசல்காரியைக் கட்டிக்கொண்டவன். ஆனால் தண்ணீரைக் கண்டால் அவனுக்குக் கைகால் உதறும். குளிக்கும்போதுகூடச் சொம்பைத் தள்ளிப் பிடித்துத்தான் ஊற்றிக்கொள்வான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அக்கரைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், பெண்வீட்டார் மொத்தப் பேரும் ஒன்பது நடையாக இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒன்பது நடையும் பரிசல் ஓட்டியது மணப்பெண்தான். அன்று முதல் அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டாள், அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

மூன்று வருஷம் மழை இல்லை. முதல் வருஷம் ஆறு இளைத்தது. இரண்டாம் வருஷம் ஓடையானது. மூன்றாம் வருஷம் ஒருநாள் காலையில் பாவாத்தாள் பரிசலைத் தண்ணீரில் விடப் போனபோது, விடுவதற்குத் தண்ணீரே இல்லை. இக்கரையிலிருந்து அக்கரை வரை வெறும் மணல்.

அவள் பரிசலை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போது துறைக் காவலர் ஏகாம்பரம் சங்கோடு வந்து சேர்ந்தார். பரிசல் ஒவ்வொரு தரம் போய்வந்ததும் சங்கு ஊதுவது அவர் உத்தியோகம். துறையின் செப்பேடும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்தச் செப்பேட்டை மன்னனின் பாட்டனாருக்குப் பாட்டனார் வெட்டிக் கொடுத்திருந்தார். அதில் மூன்று விதிகள் இருந்தன. பரிசல் தினமும் பொழுது சாய்வதற்குள் மூன்று தரம் ஆற்றைக் கடந்து போய்வர வேண்டும். ஓட்டுகிறவரைத் தவிர இன்னோர் ஆள் பரிசலுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுகிறவரிடம் துடுப்பு அசைய வேண்டும். ஒருநாள் தவறினாலும் துறை உரிமை போய்விடும். அதோடு குடிசையும் போகும், குடிசைக்குப் பின்னால் இருந்த கத்தரிப் பாத்தியும் போகும். யார் முதலில் வந்து கேட்கிறாரோ அவருக்கு எல்லாம் சேர்ந்துவிடும்.

ஆறே இல்லையே, எதைக் கடப்பது என்று பாவாத்தாள் கேட்டாள்.

ஏகாம்பரம் செப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதவர், அவ்வளவுதான்.

"இதுல தண்ணின்னு ஒரு எழுத்துக்கூட இல்லை, அம்மிணி. ஆத்தைக் கடக்கோணும்னுதான் இருக்குது. ஆறு அங்கயேதான இருக்குது" என்றார்.

இந்தத் துறைமேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. வேலப்பன் என்ற வணிகர் அவர். எதைப் பார்த்தாலும் அதைத் திருத்தாமல் விடமாட்டார். கிணற்றுக் கயிறு வீணாக நீளமாக இருக்கிறது என்று பாதியை வெட்டியெடுத்து மிச்சப்படுத்தினார். வாளி தண்ணீருக்கு எட்டவில்லை. கிணறுதான் மேலே வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிறகு வண்டிக்கு இரண்டு மாடு எதற்கு என்று ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டார். வண்டி ஒரே இடத்தில் வட்டமடித்தது. அதற்குச் சாலை போட்டவனைத் திட்டினார். ஊரில் பாதிப் பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மீதிப் பேர் அவரை அறிவாளி என்றார்கள். அந்த வேலப்பன் அன்று துறைக்கரையில் வந்து நின்று, பொழுது எப்போது சாயும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாத்தாள் எழுந்தாள். செங்கோடனைக் கூப்பிட்டுப் பரிசலுக்குள் உட்காரச் சொன்னாள். பயணியாக உட்கார வேறு யார் வரப்போகிறார்கள்? நடந்தே போகக்கூடிய ஆற்றுக்கு யாராவது பரிசல் ஏறுவார்களா?

"தண்ணி இல்லைங்கிறது நெசந்தானா?" என்று செங்கோடன் கேட்டான்.

நிஜம் என்றாள். அவன் மறுபடியும் கேட்டான். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான்.

அவள் கயிறு கட்டி இழுத்தாள். ஒரு கையில் கயிறு, மறு கையில் துடுப்பு. மணலைத் துடுப்பால் கிளறிக்கொண்டே மூன்று தரம் போய்வந்தாள். ஏகாம்பரம் மூன்று தரம் சங்கு ஊதினார். வேலப்பன் வீட்டுக்குப் போனார். உரிமை அன்றைக்குத் தப்பியது, ஆனால் பரிசலின் அடித்தோல் மணலில் உரசி மெலிந்துபோய்விட்டது. இன்னும் நாலு நாள் இழுத்தால் கிழிந்துவிடும் என்பது தடவிப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் யோசித்தாள். வட்டமான பொருளை எதற்கு இழுக்க வேண்டும், உருட்டலாமே? பரிசலை விளிம்பில் நிமிர்த்தி வைத்து, உள்ளே செங்கோடனை உட்கார்த்தி, துடுப்பால் தள்ளித் தள்ளி உருட்டினாள். நடு ஆற்றில் செங்கோடனின் கால் மேலேயும் தலை கீழேயும் இருந்தன. அக்கரையில் இறங்கியவன் தெற்கே போகிறேன் என்று சொல்லி வடக்கே நடந்தான். மூன்று நடை முடிந்தபோது சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அவளுக்கு யோசனையும் தீர்ந்துவிட்டது, தெம்பும் தீர்ந்துவிட்டது. ஒருவழியாக அக்கரை வரை இழுத்துக்கொண்டு போனாள். நல்ல உச்சி வெயில். திரும்பி வரும்போது இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டது. செய்த பிறகுதான் தவறு செய்துவிட்டோம் என்று தோன்றியது. பயணி உள்ளே இருக்க வேண்டுமே?

ஆனால் செங்கோடன் உள்ளேதான் இருந்தான். வெயில் தாங்காமல் அவள் பின்னாலேயே குனிந்து கவிழ்ந்த பரிசலுக்குள் நுழைந்து, நிழலில் நடந்துகொண்டிருந்தான். பாரம் அவள் கழுத்தை அழுத்துவதைப் பார்த்து, தலையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பின்பக்கத்தைத் தானும் தாங்கிக்கொண்டான். கொஞ்ச தூரம் போவதற்குள் மூன்றாவதாக இரண்டு கால்கள் உள்ளே வந்தன. மோர்க்காரி தங்காத்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் மோர்ப்பானை, காலடியில் நெருப்பாய் மணல். உள்ளே வந்து பானையை இறக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பரிசலையும் தாங்கினாள்.

"இத்தனை நாளா இது எனக்குத் தோணாமப் போச்சே, அக்கா" என்றாள்.

ஏகாம்பரம் கரையில் மணலில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, பரிசலுக்கு அடியில் கால்களை எண்ணினார். பரிசல் ஆற்றைக் கடக்கிறது. பரிசலுக்குள் ஆள் இருக்கிறது. முன்னால் நடக்கிற பாவாத்தாள் ஒரு கையால் துடுப்பைக் காற்றில் போட்டுக்கொண்டு வருகிறாள். பரிசல் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று செப்பேடு சொல்லவில்லை. எழுந்து, கன்னத்து மணலைத் தட்டிவிட்டுச் சங்கு ஊதினார்.

அப்படித்தான் நெட்டாற்றில் கவிழ்ந்த பரிசல் ஓடத் தொடங்கியது.

ஆறு முழுக்கத் தண்ணீர் ஓடிய நாளில்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை. அகலமான ஆறு, மர நிழல் கிடையாது. சந்தைக்குப் போகிறவர்கள் கால் கொப்பளித்து, தலை சுற்றி, பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது ஆறு பேராகப் பரிசலைத் தலையில் வைத்துக்கொண்டு நிழலில் நடந்தார்கள். ஏற்றிக்கொண்டு போகிற பரிசலைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய், இறங்கும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி தானியமும் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு கால் வைத்த ஒரு பெரிய ஆமை ஆற்றைக் கடந்தது.

பாவாத்தாள் அதோடு நிற்கவில்லை. குட்டையானவர்கள் நடுவில் நின்றால் பாரம் நெட்டையானவர்கள் தலையில் மட்டும் விழுகிறது என்று கண்டு, உயரம் பார்த்து ஆளை நிறுத்தினாள். உள்ளே மூங்கிலில் ஒரு தண்ணீர்ப் பானையைத் தொங்கவிட்டாள். தங்காத்தாளின் குழந்தைக்காக ஒரு தூளியும் கட்டினாள். ஆறு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் ஆட்டம் குறைகிறது என்று தெரிந்ததும், எல்லோரும் தாளம் தவறாமல் நடக்கும்படி துடுப்பால் விளிம்பில் தட்டினாள். ஊரே பட்டினியில் வாடியபோது அவள் வீட்டு அடுப்பு மட்டும் அணையாமல் எரிந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இருக்கட்டுமே.

தினமும் மாலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். பரிசலை இறக்கி வைத்து, மெலிந்த தோலுக்கு ஒட்டுப் போட்டு, குங்கிலியம் காய்ச்சி அடிப்பக்கம் முழுக்கப் பூசினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எந்தத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று கேட்டார்கள். அவள் பூசிக்கொண்டே இருந்தாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது, வேலப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. நேரே அரண்மனைக்குப் போனார். பரிசல்காரி செய்வது நல்ல காரியம்தான், ஆனால் அரைகுறை, தன்னிடம் விட்டால் அதை முழுமையாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார். மன்னனுக்குப் பொழுது போகவில்லை. ஒரு மாதம் இருவரும் ஓட்டுங்கள், மாதக் கடைசியில் நானே வந்து கடந்து பார்க்கிறேன், எது மேல் என்று எனக்குப் படுகிறதோ அதற்கே துறை என்று உத்தரவு போட்டான். மன்னன் போட்டி வைக்கச் செப்பேட்டில் தடை இல்லை என்று ஏகாம்பரமும் பார்த்துச் சொல்லிவிட்டார்.

வேலப்பன் புதிதாக ஒரு பரிசல் கட்டி மூன்று திருத்தம் செய்தார். தோல் கனக்கிறது என்று எடுத்துவிட்டு, மூங்கில் மேல் சாயம் தோய்த்த மெல்லிய துணியைப் போர்த்தினார். குனிந்து நடக்கிறவர்களுக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை என்று, ஏழு ஓட்டைகள் போட்டு, தலையை வெளியே நீட்டிக்கொள்ள ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் வளையம் வைத்தார். துடுப்பு வெறும் பாரம் என்று அதைச் சோறு எடுக்கும் அகப்பை அளவுக்குச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நடக்கும்போது இடுப்போடு சேர்ந்து அது அசைந்தது. ஏகாம்பரம் உற்றுப் பார்த்துவிட்டு, அசைகிறது என்று ஒப்புக்கொண்டார்.

துணிப் பரிசல் இலேசாக இருந்தது, அழகாக இருந்தது. போகிற வழியெல்லாம் வேடிக்கையும் பார்க்கலாம். தலை வெயிலில் காய்ந்தது என்னவோ உண்மைதான், ஆனால் புதுசு என்றால் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். தங்காத்தாள்கூட இரண்டு நாள் போய்விட்டு, குழந்தைக்குத் தூளி இல்லை என்று திரும்பி வந்தாள். பாவாத்தாளுக்கு நிலையான ஆள் மறுபடியும் செங்கோடன் ஒருவன்தான். தினமும் மூன்று நடை, முன்னால் அவள், பின்னால் அவன்.

எண்ணெயும் கிடைப்பது அரிதானது. வீட்டில் இருந்த கொஞ்ச எண்ணெயைக் குங்கிலியத்தில் ஊற்றிவிட்டாள். அந்த மாதம் முழுக்கச் செங்கோடன் தாளிக்காத குழம்பு வைத்தான்.

ஒரு மாலை அவன்தான் பேச்சை எடுத்தான். நாமும் தோலை எடுத்துவிடலாமே, ஓட்டை போட்டுக்கொள்ளலாமே, துறை போய்விட்டால் எங்கே போவோம் என்றான். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. பயத்தில் கத்தியைக்கூட எடுத்துவிட்டாள். கத்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தோலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆறு வந்துட்டா என்னுங்க பண்றது?"

"மூணு வருசமா மழையே வரலியே, புள்ள."

"இது பரிசலுங்க. நெழலுக்குத்தான் இப்பத் தலைகீழா நிக்குது. ஆளுங்களைக் கரை சேக்கறதுக்குன்னு பண்ணுனது. அதைக் குடையாக்கிப்போட்டு நான் என்னத்த ஓட்டறது?"

செங்கோடன் சட்டியை எடுத்து வந்தான். உப்பும் புளியும் மட்டும் போட்ட குழம்பை அவளுக்கு ஊற்றினான்.

மாதக் கடைசியில் மன்னன் வந்தான். அக்கரையில் சந்தை நாள், இக்கரையில் மன்னனைப் பார்க்கக் கூட்டம். தங்காத்தாள் குழந்தையை இக்கரையில் மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியலிலேயே சந்தைக்கு மோர் கொண்டு போயிருந்தாள். பாவாத்தாளும் செங்கோடனும் காலையிலேயே இரண்டு நடை முடித்திருந்தார்கள். மூன்றாவது நடை மன்னனோடு.

மன்னன் இரண்டு பரிசலையும் பார்த்தான். ஒன்று கறுத்து, ஒட்டுப் போட்டு, குங்கிலிய வாசனையோடு கிடந்தது. இன்னொன்று பல நிறத்தில் பளபளத்தது. சந்தேகம் என்ன? துணிப் பரிசலின் நடு வளையத்தில் தலையை நுழைத்துக்கொண்டான். நுழைத்த பிறகு கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்தார்கள். அவனைச் சுற்றி ஐந்து மந்திரிகளின் தலைகள், முன்னால் வேலப்பன் தலை. தாம்பாளத்தில் தேங்காய் அடுக்கி வைத்தது போல ஏழு தலைகள் ஆற்றைக் கடந்தன. பக்கத்தில் பாவாத்தாளின் பரிசல் நாலு காலோடு போனது. நடுவில் ஏகாம்பரம் சங்கோடு நடந்தார். பின்னால் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே வந்தபோது பாவாத்தாள் நின்றுவிட்டாள். அவள் காலடியில் மணல் குளிர்ந்திருந்தது. உச்சி வெயிலில், மூன்று மாதமாகச் சுட்ட மணல் குளிர்ந்திருந்தது. அவள் பரிசலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். மேற்கே மலை தெரியவில்லை, கறுப்பாக இருந்தது. எல்லோரும் மன்னனையே பார்த்துக்கொண்டிருந்ததால் மலையை யாரும் பார்க்கவில்லை.

ஆறு வருகிறது, உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். தோற்கப் போகிறவள் சாக்குச் சொல்கிறாள் என்று வேலப்பனின் தலை சிரித்தது. மன்னனின் தலையும் சிரித்தது. அப்புறம் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டி ஒன்றாக வருவது போன்ற சத்தம்.

ஏழு பேரும் ஓடப் பார்த்தார்கள். ஒரே பரிசலுக்குள் கழுத்து மாட்டிய ஏழு பேர் ஏழு பக்கம் ஓடினால் என்ன ஆகும்? நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். வளையத்திலிருந்து தலையை எடுக்கலாம் என்றால், மன்னனின் கிரீடம் தடுத்தது. கிரீடத்தை எடுக்கலாம் என்றால், கைகளெல்லாம் துணிக்கு அடியில் இருந்தன. தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது. வேலப்பன் இடுப்பிலிருந்த அகப்பையை உருவி, அதைக்கொண்டு துடுப்புப் போடத் தொடங்கினார்.

பாவாத்தாளும் செங்கோடனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று மாதமாகச் சேர்ந்து தூக்கிய பரிசல். அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், ஒரே தூக்கில் அதைத் திருப்பிப் போட்டார்கள். பயம் வந்து சேர்வதற்குள் செங்கோடனின் கால் உள்ளே போய்விட்டது. அவள் இடுப்பில் செருகியிருந்த, குங்கிலியம் பூசும் கத்தியை எடுத்துத் துணிப் பரிசலை வெட்டிப் பிரித்தாள். ஒவ்வொருவரும் கழுத்தில் ஒரு வளையத்தோடு வெளியே வந்தார்கள். மன்னனையும் நாலு மந்திரிகளையும் உள்ளே தள்ளினாள். பரிசல் தண்ணீரில் நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மூன்று மாதம் காற்றில் துடுப்புப் போட்ட அவள் கை, இப்போது தண்ணீரில் போட்டது. கை எதையும் மறந்திருக்கவில்லை.

முதல் நடையில் மன்னன் கரை சேர்ந்தான். செங்கோடன் இறங்கியதும் குப்புற விழுந்து தரையைக் கட்டிக்கொண்டான். இரண்டாம் நடையில் மிச்சமிருந்த மந்திரியும் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஐந்து பேரும் வந்தார்கள். மூன்றாம் நடையில், மார்பளவு தண்ணீரில் நின்றவர்கள் வந்தார்கள். வேலப்பன் கையில் அகப்பை இருந்தது. ஏகாம்பரம் ஒரு கையால் செப்பேட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெள்ளத்தின் முதல் வேகம் அடங்கி, ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் சந்தைக்குப் போனவர்கள் வரிசையாக நின்றார்கள். இக்கரையில் தங்காத்தாளின் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. மாமியார் எத்தனை ஆட்டியும் நிறுத்தவில்லை.

ஏகாம்பரம் நடுங்கிக்கொண்டே தொண்டையைச் சரிசெய்தார். அவருக்கே சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. மணல்திட்டு வரை மூன்று தரம் போய்வந்தது செல்லாது. ஆற்றைக் கடந்தால்தான் நடை. இன்றைக்கு ஆனது இரண்டு. மூன்றாவது பாக்கி.

விதியைத் தள்ளுபடி செய்கிறேன் என்றான் மன்னன். பாட்டனாரின் பாட்டனார் வெட்டியதைத் தள்ள மன்னனுக்கும் அதிகாரம் இல்லை என்று ஏகாம்பரம் செப்பேட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். வேலப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே, பொழுது சாய்ந்ததும் முதலில் கேட்பதற்கு வசதியாக ஏகாம்பரத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். உயிரைக் காப்பாற்றியவளிடமிருந்து துறையைப் பறிக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சில பேர் அப்படித்தான்.

பாவாத்தாள் பரிசலை மறுபடியும் தண்ணீரில் தள்ளினாள். கூட ஓர் ஆள் வேண்டும் என்று ஏகாம்பரம் நினைவூட்டினார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மன்னன் வானத்தைப் பார்த்தான். மந்திரிகள் மன்னனைப் பார்த்தார்கள். கூட்டம் தரையைப் பார்த்தது.

செங்கோடன் மண்ணோடு எழுந்து வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க வேண்டாமுங்க. துறை போனாப் போகுது. அங்க நிக்கறவுங்களை நான் தனியாப் போயிக் கூட்டியாந்தர்றேன்" என்றாள்.

"ஆளில்லாமப் போனா அது செல்லாது, பாவாத்தா. மூணு மாசமா நாந்தான ஆளு?"

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. துடுப்பை எடுத்துவிட்டதால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

நடு ஆற்றில் அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"தண்ணி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"சரி" என்றான்.

அக்கரையில் தங்காத்தாளும் இன்னும் நாலு பேரும் ஏறினார்கள். பரிசல் திரும்பி வந்து கரை தட்டியபோது சூரியனின் ஒரு கீற்று பாக்கி இருந்தது. ஏகாம்பரம் சங்கை வாயில் வைத்து ஊதினார். முதலில் தண்ணீர் வந்தது. அடுத்து மணல் வந்தது. மூன்றாவதாகச் சத்தம் வந்தது. தங்காத்தாள் குழந்தையை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அழுகை நின்றது. பாவாத்தாள் மூச்சு வாங்கிக்கொள்ளவும் இல்லை, அக்கரையில் மிச்சமிருந்தவர்களுக்காகத் திரும்பிப் போனாள். அந்த நடையெல்லாம் செப்பேட்டுக்குத் தேவையே இல்லை.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கழுத்தில் மூங்கில் வளையத்தோடு நின்ற மன்னன், துறை உனக்கே, அதற்கு மேலும் என்ன வேண்டும் கேள் என்றான். அவள் செங்கோடனைப் பார்த்துவிட்டு, ஒரு கலயம் எண்ணெய் வேண்டும் என்றாள். குழம்பு தாளித்து ஒரு மாதம் ஆகிறது என்றாள்.

வேலப்பன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் காலத்திலும் அரண்மனையில் ஒரு வேலை கிடைத்துவிடும். மன்னனின் கழுத்து வளையம் தண்ணீரில் ஊறி இறுகிப்போய், கிரீடத்தை எடுத்த பிறகும் கடைசிவரை கழலவில்லை. அது மன்னனுக்கு மட்டும் இருந்தால்தானே அசிங்கம் என்று, மந்திரிகள் எல்லோரும் இனி வளையம் மாட்டியே சபைக்கு வரவேண்டும் என்று வேலப்பன்தான் திருத்தம் சொன்னார். அவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

நெட்டாற்றில் அதன்பின் தண்ணீர் வற்றவில்லை. பரிசலில் ஏறுகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கொஞ்ச காலம் தலையைக் குனிந்துகொண்டே ஏறினார்கள். ஆட்களை இறக்கிவிட்டுத் துறைக்குத் திரும்பும்போது பாவாத்தாள் முன்போலவே பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்து நடந்தாள். இப்போது அதற்கு அடியில் நாலு கால்கள் தெரிந்தன.

ஆகவே கேட்டவர்களே, காலம் கெடும்போது தொழில் செய்யும் முறையை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் அந்தத் தொழில் யாரைக் கரை சேர்ப்பதற்காக இருக்கிறது என்பதை ஒருநாளும் மறந்துவிடக் கூடாது.